சாவிலும் ஜோசியமா?

நடிகர் தோழர் ஜி. மாரிமுத்து அவர்கள் 2023-ம் வருஷம் செப்டம்பர் 8-ந் தேதி, சென்னையில் "எதிர்நீச்சல்" என்னும் டெலிவிஷன் தொடருக்குக் குரல் கொடுத்துக் கொண்டிருக்கையில் மாரடைப்பு ஏற்பட்டு மரணமடைந்தார். தேனிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, உதவி டைரக்டராய் நெடுநாள் உழைத்து, 2008-ல் "கண்ணும் கண்ணும்", 2014-ல் "புலிவால்" ஆகிய படங்களை டைரக்ட் செய்தவர் என்றாலும், துணை வேஷங்களாலேயே அவர் நாடறிந்தவரானார். வீட்டுப் பெண்களை அடக்கியாளும் குணசேகரன் வேஷம் ஆண்டிமடம் போன்ற ஊர்களிலும் அவரை வீடுதோறும் அறியச் செய்தது.

அதே வருஷத்தில் டெலிவிஷன் விவாதமொன்றில் அவர் ஜோசியக்காரர்களை எதிர்த்துப் பேசினார். அதைப் பிடித்துக்கொண்டு, ஜோசியத்தைப் பழித்ததால்தான் செத்தார் என்று சிலர் பிரசாரம் செய்யலானார்கள். நாம் கேட்கிறோம்: ஜோசியத்தை நம்பினவன் எவனாவது சாகாமலிருக்கிறானா? பொருத்தம் பார்த்துத் தாலி கட்டிய வீடுகளில் விதவைகள் இல்லையா? கிரகங்களுக்கு முன்னமே தெரியுமானால், எதிரே உட்கார்ந்திருந்த ஜோசியர்கள் அன்றைக்கே தேதியைச் சொல்லியிருக்க வேண்டாமா? செத்தபின் காரணம் சொல்ல ஜோசியர் எதற்கு?

ஆண்டிமடத் தோழர்களே! மார்பு வலித்தால் ஜாதகத்தைப் புரட்டாதீர்கள். தாமதமின்றி டாக்டரிடம் போங்கள். தோழர் மாரிமுத்துவுக்குச் செய்யும் மரியாதை அதுவேயாகுமென்று கருதுகிறோம்.