பாடுகிறவர் வைத்த குறியைக் கணினி தடுக்கலாமா?

லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு காளிகாட் டிராம் டிப்போ பக்கம் நடந்தால் ஒரு கிரேக்க ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் வரும். கொல்கத்தா வந்த புதிதில் அதை ஏதோ கோர்ட் கட்டிடம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் மகள், "அப்பா, இவங்க பாட்டுக்கும் ஸ்வரம் எழுதுவாங்களா?" என்று கேட்டுவிட்டாள். அவள் வாய்ப்பாட்டு கற்றுக்கொள்கிறவள். அன்றிலிருந்து பைஸாந்திய இசைக்குறிகளோடு மல்லுக்கட்டுகிறேன். பி.காம். படித்தவனுக்கு இது தேவையா என்று வீட்டம்மா கேட்டாயிற்று :-)

ஆனால் சொன்னால் நம்பமாட்டீர்கள், இது கணக்குப் படித்தவனுக்கென்றே செய்த எழுத்துமுறை. 1814-ல் கான்ஸ்டான்டிநோபிளில் கிரிசாந்தோஸ், கிரிகோரியோஸ், கூர்முசியோஸ் என்ற மூன்று ஆசிரியர்கள் சீர்படுத்தியதுதான் இன்றும் புழக்கத்தில். குறிகள் ஸ்வரத்தின் பெயரைச் சொல்லாது. ஐசோன் என்றால் அதே இடத்தில் நில். ஒலிகோன் என்றால் ஒரு படி ஏறு. அப்போஸ்த்ரோபோஸ், ஒரு படி இறங்கு. வரவும் பற்றும் மட்டும்தான். நடுநடுவே மார்த்திரியா என்ற குறி வந்து "இப்போது நீ இந்த ஸ்வரத்தில் நிற்கிறாய்" என்கும். பாஸ்புக்கில் இருப்புத் தொகை மாதிரி. வழியில் ஒரு படி தப்பினால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

வம்பு ஃப்தோரா என்ற குறியில். இதுதான் அளவுகோலை மாற்றுவது. நம் கிரக பேதம் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: மோகனத்தின் ரிஷபத்தை ஸட்ஜமாக வைத்தால் மத்யமாவதி. அவர்கள் ஸ்வரங்கள் நி, பா, வூ, கா, தி, கே, ஸோ. ஸ்தாயியை 72 கூறாக்கும் கணக்கு ஒன்று அவர்களிடம் உண்டு. அந்தக் கணக்கில் 'கா'விலிருந்து மேலே 12, 12, 10 என்று படிகள். அதே 'கா' மேல் 'நி'யின் ஃப்தோராவை வைத்தால் 12, 10, 8 ஆகிவிடும். ஒரு ஸ்வரத்தின் குறியை இன்னொன்றின் மேல் இப்படி இடம் மாற்றி வைப்பதும் அவர்கள் மரபில் உண்டு.

முன்பு எழுத்துருவை வைத்துத் தட்டினார்கள். நாம் டிஸ்கியில் தட்டிய காலம் போல, கணினிக்கு அது வெறும் படம். 2001-ல் யூனிகோடு 246 குறிகளுக்கு இடம் கொடுத்தது. எண்தான் கொடுத்தது, விதியை அல்ல. இப்போது நியானெஸ் போன்ற இலவச மென்பொருட்கள் வந்துவிட்டன. குறியின் பொருள் தெரிந்த மென்பொருள் என்றாலே, எந்த ஃப்தோரா எந்த ஸ்வரத்தில் உட்காரலாம் என்று ஒரு விதி வேண்டும். அதை எவ்வளவு இறுக்குவது?

என் கட்சி: இறுக்கக் கூடாது. காரணம் இசை அல்ல, என் கவுண்டர். பல வருடம் முன்பு ஒரு தமிழ்ப் பெரியவர் கணக்கு திறக்க வந்தார். பெயர் ஒன்றுதான், குடும்பப் பெயர் கிடையாது. திரை அந்தக் கட்டத்தைக் காலியாக விடாது. எங்கள் பையன் அதே பெயரை இரண்டு தடவை தட்டிவிட்டான். கணினிக்குத் திருப்தி. பின்னால் பான் கார்டோடு பெயர் பொருந்தவில்லை, பெரியவர் மூன்று தடவை அலைந்தார். (வடக்கே இருக்கிற நம்மில் இந்த அலைச்சல் படாத குடும்பம் உண்டா?) பொய்யை எழுதச் சொன்னது விதிதான்.

பாட்டிலும் அதுவே நடக்கும். 'கா'வில் வைக்கவிடாவிட்டால், எழுதுகிறவர் மென்பொருள் ஒத்துக்கொள்ளும் வேறு ஸ்வரத்தில் வைத்துவிட்டுப் போவார். அச்சான தாளைப் பார்த்துப் படிக்கிற பிள்ளை அதைத்தான் பாடும். ஓர் ஆசிரியரின் பாடம் அங்கே சத்தமில்லாமல் மாறிவிட்டது. மென்பொருளே கேட்காமல் திருத்திவிடுவது இதைவிட மோசம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடு என்று சொல்லவில்லை. அப்படியென்றால் பழைய எழுத்துருவே போதுமே. வழக்கமில்லாத இடத்தில் வைத்தால் ஒருமுறை கேட்கட்டும். பெரிய தொகைக்கு மேலதிகாரியின் ஒப்புதல் கேட்கிறதல்லவா, அது போல. "ஆமாம், தெரிந்துதான் வைத்தேன்" என்றால் வழிவிட்டு, அந்த இடத்திலிருந்து மார்த்திரியாக்களை எல்லாம் புதிதாகக் கணக்குப் போட்டுக் கொடுக்கட்டும். கூட்டல் கழித்தல் அதன் வேலை. குறி எங்கே என்பது பாடுகிறவர் வேலை.