அரசியலறிஞர் எழுதிய இரசாயனம்

புதிதாக விடுதலை பெற்ற நாட்டை ஆளவும், அந்நாட்டு மக்களுக்கு நூல் எழுதவும் ஒருவரே முன்வருதல் அரிதாகவே நிகழும். கிரேக்க நாட்டில் 1833ஆம் ஆண்டிலே தலைமையமைச்சராக விளங்கிய திரிகூப்பிசு, தம் நாட்டு விடுதலைப் போரின் வரலாற்றையும் எழுதினார். தமிழிலே அவ்வகையில் முதலில் நினைவுக்கு வருபவர் இராஜாஜி. 1948 முதல் 1950 வரை இந்தியாவின் மகாதேசாதிபதியாய் இருந்த அவரைச் 'சக்கரவர்த்தித் திருமகன்' ஆசிரியராகவே நம்மவர் அறிவர். அந்நூல் 1958இல் சாகித்திய அக்காதெமிப் பரிசும் பெற்றது. யான் கருதுவது வேறொரு நூல். 'திண்ணை ரசாயனம்' என்னும் சிறு நூல்.

சேலத்தில் வழக்கறிஞராயிருந்த காலத்தே, 1916இல், வெங்கடசுப்பையரோடு கூடித் தமிழ்ச் சாத்திரப் பரிபாஷைச் சங்கத்தை நிறுவியவர் அவர். ('பரிபாஷை' என்ற சொல்லுக்கே இன்று நம் மாணாக்கருக்கு உரை கூற வேண்டும்!) காரைதீவு தந்த விபுலானந்த அடிகளும் சென்னையறிஞரோடு கூடிக் கலைச்சொல் ஆக்கினார், அகராதி 1938இல் வெளிவந்தது. தமிழகம் 'வேதியியல்' என்று மாற்றிக்கொண்ட பின்னரும் நாம் 'இரசாயனவியல்' என்றே வழங்குகின்றோம்.

சொற்கள் குவிந்துள்ளன. ஆயினும் ஒட்சிசன், ஐதரசன் என ஒப்புவிக்கும் மாணவன், மாரியில் முகத்துவாரம் வெட்டிய பின் நம் வாவிநீரின் உவர்ப்பு மாறுவதேன் என்று பத்து வரி பிழையற எழுதமாட்டான். இக்குறை விஞ்ஞான ஆசிரியரது மட்டுமன்று; தமிழ்ப் பாடத்தில் விஞ்ஞான உரைநடைக்கு இடமளியாத எம்மனோரதுமாகும்.

இராஜாஜியைப் போற்றும்போது 1953ஐ மறைத்தல் தகாது. சென்னை முதலமைச்சராயிருந்து, தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதிற் பிள்ளைகள் குடும்பத் தொழில் பயிலுமாறு திட்டம் வகுத்தார். மீனவர் மகன் வலையோடும் உழவர் மகன் ஏரோடும் நிற்க நேரும் என எழுந்த எதிர்ப்பு நியாயமானதே. 1954இல் அவர் பதவி விலகக் காமராசர் அரசு அதனைக் கைவிட்டது. திண்ணைக்கே இரசாயனத்தைக் கொண்டுவந்தவர், பள்ளியின் பொழுதைச் சுருக்கியது எனக்கு இன்றும் விளங்காத முரண்.

எனினும் திட்டத்தோடு நூலையும் தள்ளிவிடுதல் நமக்கே இழப்பு. ஒன்பதாம் வகுப்பிலே, கிழமைக்கொரு பாடவேளை, தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் சேர்ந்திருந்து இதனைப் படிப்பிக்கலாம். காலத்தாற் பழைமையுற்ற செய்திகளை விஞ்ஞான ஆசிரியர் திருத்துவார். வாக்கியத்தை யாம் பார்த்துக்கொள்வோம். பிரதிகளை நூலகத்துக்கு வாங்கியளிக்கும் பொறுப்பைப் பழைய மாணவர் சங்கம் இவ்விழா ஆண்டிலேயே ஏற்குமாறு வேண்டுகின்றேன்.