ஆந்தையும் காசு மாலையும்

கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணம். பந்திக்கு இலை போடுகிற வேளையில், என் தங்கை மகளின் கழுத்தைப் பார்த்துவிட்டு எங்கள் பெரியப்பா போட்டார் ஒரு கூச்சல்!

"ஏண்டி, சுப காரியத்துக்கு வருகிறவள் கழுத்திலே ஆந்தையைக் கட்டிக்கொண்டா வருவாள்? சீமை மோகம்!"

அது ஒரு வெள்ளிப் பதக்கம். ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ் நகரத்தார் அடித்த வெள்ளிக் காசின் சாயல். ஒரு பக்கம் அறிவுக்குத் தெய்வமான அதீனா. மறு பக்கம் அவளுடைய பறவையான ஆந்தை. வங்காளத்தில் மகாலக்ஷ்மிக்கே ஆந்தைதான் வாகனம். அந்தப் பெண் இதொன்றும் சொல்லவில்லை. கண் கலங்கப் பதக்கத்தைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். பெரியவரிடம் அங்கே நான் வாய் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன்.

அவரைப் பெற்ற பாட்டி பூண்டிருந்த காசு மாலை எந்த ஊர்ச் சரக்காம்? ஒவ்வொரு பவுனிலும் ஒரு புறம் விக்டோரியா மகாராணி. மறு புறம் குதிரைமேல் அமர்ந்து பறவைநாகத்தைக் கொல்லும் புனித ஜார்ஜ். 1817-ல் பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியர் செதுக்கிய உருவம் அது. கிரேக்கச் சிலைகளைப் போலவே உடம்பில் துணி அதிகமில்லாத வீரன்! அவனைக் கழுத்தில் கோத்துக்கொண்டுதான் பாட்டி மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை. வெள்ளைக்காரன் போன பிறகும் எட்டுக் கிராம் தங்கத்தைப் 'பவுன்' என்றுதான் சொல்கிறோம். சீமைச் சரக்கு தங்கத்தில் வந்தால் ஐசுவரியம், வெள்ளியில் வந்தால் அபசகுனமா?

கரூர் அமராவதி ஆற்று மணலில் கிரேக்கக் காசுகள் கிடைத்திருக்கின்றன. சேர மன்னன் மாக்கோதையின் வெள்ளிக் காசும் அங்கே கிடைத்தது. அதில் அரசன் முகம் ரோமாபுரிக் காசின் பாணி. பெயர் மட்டும் தமிழ். பிறரிடம் கற்றுக்கொண்டு தன் பெயரைப் பொறித்தான். அவனுக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு?

வெட்கப்பட வேண்டிய காரியம் வேறு இருக்கிறது. இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கத்துக்கு அருகே ஆண்டிப்பட்டியில், சங்க காலத்து ஈயக் காசுகள் அகப்பட்டன. 'அதினன் எதிரான் சேந்தன்' என்று அவற்றில் தமிழில் எழுதியிருக்கிறது. அந்தக் கல்யாணப் பந்தலில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே தலை நரைத்த பிறகுதான் தெரிந்தது. மண்ணில் அகப்பட்ட பொருளைக் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே புதையல் சட்டம் வந்துவிட்டது. நாமோ ஏர்முனையில் தட்டுப்பட்ட காசைப் பத்தரின் மூசையில் போட்டு உருக்குகிறோம். சரித்திரத்தைக் கம்மலாக்கிப் போட்டுக்கொண்டு, ஆந்தையைக் கண்டு அலறுகிறோம்!

மருமகளே, முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பதக்கத்தைப் போட்டுக்கொள். பக்கத்தில் சேந்தன் காசையும் வெள்ளியில் வார்க்கச் சொல்லிக் கோத்துக்கொள். "இது எந்தச் சீமை?" என்று பெரியவர் கேட்பார். "செங்கம், தாத்தா" என்று சொல்.