பத்துக் குதிரையும் ஒன்றுதானா?

ஐப்பசி பிறந்துவிட்டால் கோடியக்கரைக்குத் தனிக்களை வந்துவிடும். அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கே மீன்பிடிப் பருவம். வெளியூர் மீனவர்களும் படகோடு வந்து தங்கித் தொழில் செய்வார்கள்.

படகு என்றதும் எழும் முதல் கேள்வி, "எத்தனை எச்.பி.?" என்பதே. விசைப்படகு என்ஜின்களுக்கு அரசு வைக்கும் வரம்பும் எச்.பி. கணக்குத்தான். சீன அதிவேக என்ஜின்களைப் பற்றி மீனவர்களிடையே மூண்ட தகராறுகளிலும் இந்த எண்ணே அடிபடுகிறது. ஆனால் எச்.பி. என்பது பாதிக் கதைதான். ஒரு தடவைக்கு எவ்வளவு முறுக்கு, நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஆகிய இரண்டையும் பெருக்கி வரும் தொகை அது. 1,500 சுற்றில் 10 குதிரை தரும் என்ஜினின் தண்டில் முறுக்கு விசை சுமார் 4.8 கிலோகிராம்-மீட்டர். அதே 10 குதிரையை 5,000 சுற்றில் தரும் என்ஜினிலோ 1.4 தான்!

நீளமா, அகலமா?

இந்த வேற்றுமையின் வேர் சிலிண்டரில் இருக்கிறது. அதன் உட்குறுக்களவு 'போர்'. பிஸ்டன் ஓடும் தூரம் 'ஸ்ட்ரோக்'. டெல்டா விவசாயி அறிந்த 5 குதிரை கிர்லோஸ்கர் ஏ.வி.1 ஆயில் என்ஜினுக்குப் போர் 80 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 110. குறுகலாய், நெடிதாய் நிற்கும் சிலிண்டர்.

"ஸ்ட்ரோக் நீண்டால் இழுவை கூடும்" என்று பட்டறைகளில் சொல்வதுண்டு. அது அப்படியே சரியல்ல. கிராங்கின் கை நீளும், மெய்தான். ஆனால் கொள்ளளவு மாறாதிருந்தால் பிஸ்டனின் முகம் சிறுத்து, தள்ளும் பலம் குறையும். இங்கே வந்தது அங்கே போய்விடும்.

உண்மையான காரணம் வேறு. 1,500 சுற்றில் அந்தப் பிஸ்டன் வினாடிக்கு 5.5 மீட்டர் ஓடுகிறது. அதை 5,000 சுற்றுக்கு விரட்டினால் 18 மீட்டரைத் தாண்டும். அந்த இரும்பு தாங்காது. 46 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள என்ஜினோ 5,000 சுற்றிலும் 8 மீட்டருக்குள்தான் ஓடும். அகன்ற சிலிண்டரில் பெரிய வால்வு வைக்கலாம். வேகத்தில் மூச்சு முட்டாது. ஆகவே அகன்றது மேல் சுற்றிலும், நெடியது கீழ்ச் சுற்றிலும் தன் முழு முறுக்கைக் காட்டும்படி அமைக்கப்படுகின்றன.

பல்சக்கரம் வைத்துச் சுற்றைக் குறைத்தால் முறுக்கைக் கூட்டலாமே என்பர் சிலர். கூட்டலாம், படகின் பின்னால் மாட்டும் வெளி என்ஜின்களில் அதைத்தான் செய்கிறார்கள். அவை எடை குறைவு. ஆழமில்லாத இடத்தில் சட்டென்று மேலே தூக்கிக் கொள்ளலாம். வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் அந்த முனையில் இது சாமானியமான வசதியல்ல. ஆனால் வலையும் மீனும் பாரமேற்றி, எதிர்க்காற்றும் சேர்ந்து, சுற்று இறங்கும்போதுதான் சோதனை. மேல் சுற்றுக்குப் பழகிய என்ஜின் அங்கே திணறும், எண்ணெயும் வீணாகும். நெடிய டீசல் என்ஜின் மெதுவாகவேனும் இழுத்துக்கொண்டு வந்து சேரும்.

2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலில் படகைப் பறிகொடுத்து, கடன் வாங்கி மீண்டும் தொழிலுக்கு இறங்கிய மீனவருக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. தவறான என்ஜினை வாங்கினால் பருவம் முழுதும் எண்ணெய்ச் செலவிலேயே தெரியும். விதி வகுப்போருக்கும் இதில் வேலை உண்டு: எச்.பி.யை மட்டும் எழுதிவிட்டு, அது எத்தனை சுற்றில் என்று கேளாமல் விட்டால் தகராறு தீராது. இத்தனைக்கும், என்ஜின் தகட்டில் எச்.பி.க்குப் பக்கத்திலேயே ஆர்.பி.எம். என்று இன்னோர் எண்ணும் அடித்துத்தான் வருகிறது.