மருந்து என்று பெயர், குணமோ நஞ்சு

புல்லைக் கொல்லும் நஞ்சுக்கு நம் தோட்டங்களில் "மருந்து" என்று பெயர். காலைப் பிரட்டில் "இன்று மருந்தடிப்பு" என்று மண்டோர் சொல்லிவிட்டால், பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்க வேண்டியதுதான். அந்த மருந்து மனித உடலுக்குக் கேடா, இல்லையா என்று உலகெங்கும் நிபுணர்கள் வாதாடி வருகிறார்கள். வாதாடுகிறவர்கள் யாரும் மருந்தடிக்கிறவர்கள் அல்லர். ஆகவே நமது அபிப்பிராயத்தை வெளிப்படையாகக் கூறுவது அவசியமாகிறது.

பழைய கதையை முதலில் நினைவுபடுத்துவோம். லாலாங் புல்லை ஒழிக்க முன்னாளில் ரப்பர்த் தோட்டங்களில் தெளித்தது சோடியம் ஆர்செனைட். அது பாஷாணம். 1960ஆம் ஆண்டுகளில் அதன் இடத்துக்குப் பாராகுவாட் வந்தது. பாஷாணத்தைவிட இது நல்லது என்றார்கள். ஆனால் பாராகுவாட்டுக்கு முறிமருந்தே கிடையாது. கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலும் நுரையீரலைக் கெடுத்து உயிரைக் குடித்துவிடும். தோலில் காயம் இருந்தால் அதன் வழியாகவும் உடலில் ஏறும். நகம் கெடுவதும் மூக்கில் இரத்தம் வடிவதும் அதைத் தெளித்தவர்கள் பட்ட துன்பங்கள்.

2002இல் ஐரின் பெர்னாண்டசின் தெனகானித்தா அமைப்பு, மருந்தடிக்கும் பெண்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த அரசாங்கம் அவ்வாண்டே முடிவு செய்தது. 2006இல், மேலும் ஆராய வேண்டும் என்று கூறித் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதிதான். இடையில் கழிந்தவை 17 ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளும் அந்த நஞ்சைச் சுமந்தது யாருடைய முதுகு?

இன்று பெரிதும் புழங்குவது கிளைபோசேட். இதுவும் முந்தியதைவிட நல்லது என்றே சொல்லப்படுகிறது. இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு உண்டு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2015இல் வகைப்படுத்தியது. அப்படியில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா 2020இல் எழுதியது. இலங்கை 2015இல் தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் அனுமதித்தது. ஐரோப்பிய ஒன்றியமோ 2023இல் மேலும் 10 ஆண்டுகளுக்கு அனுமதி நீட்டியது.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் விஞ்ஞானிகள் அல்லர். ஆனால் "ஆபத்தில்லை" என்போர் அதற்கு முன்னால் போடும் ஒரு நிபந்தனையை எல்லோரும் கவனிக்க வேண்டும். "சீட்டில் கண்டபடி பயன்படுத்தினால்" ஆபத்தில்லை என்கிறார்கள். பேராக்கின் உச்சி வெயிலில் ரப்பர்ப் பூட்ஸ், முகமூடி, கையுறை, மேலங்கி எல்லாம் போட்டுக்கொண்டு 16 லிட்டர் பம்பைச் சுமப்பது எவ்வளவு நேரம் முடியும்? பம்பு ஒழுகினால் முதுகு நனையாதா? வங்காளதேசத்திலிருந்து வந்த சகோதரர் அந்தச் சீட்டை எந்த மொழியில் படிப்பார்? நிபந்தனை நிறைவேறாத இடத்தில் "ஆபத்தில்லை" என்ற பேச்சுக்கும் மதிப்பில்லை. இதுவே நமது வாதம்.

மருந்தடிப்பவருக்கு மட்டும் உரிய விஷயம் இது என்று பால்வெட்டுத் தொழிலாளர் எண்ண வேண்டாம். நேற்றுத் தெளித்த நிரையிலேதான் இன்று வாளியோடு நடக்கிறோம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனங்களுக்காகத் தொழிலாளியிடம் காசு பிடிக்க இடமில்லை. புகார் செய்தவரை வேலைநீக்கம் செய்யவும் இடமில்லை. 40 பேருக்குக் குறையாத வேலையிடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். உடனடி அபாயம் உண்டென்று நியாயமாக நம்பித் தெரிவித்தும் முதலாளி அதை நீக்காவிட்டால், அவ்வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை 2024 ஜூன் 1 முதல் உண்டு.

ஆகவே நாம் கேட்பவை இவை: தொழிலாளர் படிக்கும் மொழியில் எச்சரிக்கைச் சீட்டு, ஒழுகாத பம்பு, வேலை முடிந்ததும் குளிக்க நீரும் சோப்பும், அதற்கான நேரத்துக்குச் சம்பளமும், மருந்தடிப்போருக்கு முதலாளி செலவில் ஒழுங்கான வைத்தியப் பரிசோதனை, கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் சம்பளம் குறையாமல் வேறு வேலை.

கிராணிமாருக்கு ஒரு வார்த்தை. எந்த மருந்து, எந்த நாள், எந்த நிரையில், யார் கையால் அடிக்கப்பட்டது என்பதை ஒழுங்காகப் பதிந்து வையுங்கள். பத்து ஆண்டு கழித்து ஒரு சகோதரி நோயோடு நியாயம் கேட்டு வரும்போது, உங்கள் கையெழுத்தைத் தவிர அவளுக்கு வேறு சாட்சி இராது.

நிபுணர்கள் வாதாடட்டும், நாம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அந்த வாதம் முடியும்வரை சோதனை நம் உடம்பில் நடப்பதற்கு நாம் சம்மதிக்க முடியாது. பாராகுவாட்டுக்குக் கொடுத்த 17 ஆண்டுகள் போதும்.