இரைச்சல் என்று ஒதுக்கியவர்களுக்கு

"இதுவும் ஒரு சங்கீதமா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள நம்மவர்களுக்கு அரை நிமிஷம் போதும். பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கம் நமக்கு இல்லை. கிறிஸ் வாட்ஸன் என்ற ஆங்கிலேயருக்காக நான் இங்கே கட்சி பேச வந்திருக்கிறேன். அவருடைய சரித்திரத்தைக் கேட்கிறவர்கள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்லக்கூடும். 'இளமையில் ஏதோ இரைச்சல் போட்டுக்கொண்டிருந்தார்' என்பது ஒன்று. 'பிறகு புத்தி வந்து நல்ல உத்தியோகத்துக்குப் போய்விட்டார்' என்பது மற்றொன்று. இரண்டும் தப்பு என்பது என் வாதம்.

ஷெபீல்டு நகரம் எஃகுக்குப் பெயர் போனது. 1973-ல் அந்த ஊர் இளைஞர் மூவர், வாட்ஸன், ரிச்சர்டு கிர்க், ஸ்டீபன் மாலிண்டர், 'காபரே வால்டேர்' என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். வாட்ஸன் வீட்டு மச்சுதான் அவர்களுடைய சபா. பங்க் என்ற கலகச் சங்கீதம் பெயர் எடுக்கவே இன்னும் சில வருஷங்கள் இருந்தன. அந்த அலை அடித்து ஓய்ந்த பிறகு, 'போஸ்ட் பங்க்' என்று புதிதாக ஒரு பெயரைக் கண்டுபிடித்து இவர்களையும் அதில் அடைத்தார்கள். மூவரும் குருகுலத்தில் உட்கார்ந்து பாடம் கேட்ட வித்துவான்கள் அல்ல. டேப் ரிக்கார்டர் அவர்களுக்கு ஒரு முக்கியமான வாத்தியம். 1975 மே மாதம் முதல் கச்சேரி. தாளத்துக்கு மிருதங்கம் இல்லை, டிரம் இல்லை. நீராவிச் சம்மட்டியின் ஓசையை நாடாவில் சுழலவிட்டார்கள். கச்சேரி அடிதடியில் முடிந்தது. மாலிண்டர் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

பாட்டுப் பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகலாம், அடிப்பானேன்? அந்த ஊரில் எஃகாலைச் சம்மட்டி இரவிலும் கேட்கும். அதற்காக யாரும் போய்ச் சம்மட்டியை அடிக்கவில்லை. "இதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்" என்று சொன்னவர்களைத்தான் அடித்தார்கள். ஓசை அல்ல, கேட்கச் சொன்னதே குற்றம்!

"மெஷினைச் சுழற்றுவது கலையா? சாதகம் எங்கே?" என்பார்கள். கால் அங்குல அகலமுள்ள நாடா. ஒரு விநாடி ஓசை என்றால் 7½ அங்குலம். (ஏழரை என்றதும் சனீஸ்வரனை நினைத்துப் பயப்பட வேண்டாம்.) எந்த இடத்தில் ஓசை பிறக்கிறது, எங்கே மடிகிறது என்று நாடாவைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துக் கேட்டு, பிளேடால் சாய்வாக வெட்டி, நுனியோடு நுனி ஒட்ட வேண்டும். வளையமாக ஒட்டினால் அது ஆவர்த்தனம் ஆகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் ஓசை ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. அரை அங்குலம் பிசகினால் தாளம் நொண்டும். பிளேடு எடுத்தவனெல்லாம் கலைஞன் என்று நான் சொல்லவில்லை. வீணை எடுத்தவனெல்லாம் வித்துவானா என்ன? ஆனால் இங்கேயும் சாதகம் உண்டு. அது விரலில் இல்லை, காதில் இருக்கிறது.

1981-ல் வாட்ஸன் குழுவை விட்டு டைன் டீஸ் டெலிவிஷனில் ஒலிப்பதிவு வேலைக்குச் சேர்ந்தார். அதன் பிறகு பி.பி.ஸி.யின் இயற்கைப் படங்கள். டேவிட் அட்டன்பரோவின் 1998-ஆம் வருஷத்துப் பறவைத் தொடருக்கு ஒலி சேகரித்தவர்களில் அவரும் ஒருவர். 'கலகக்காரர் கடைசியில் குருவி பிடிக்கப் போனாரே!' என்று சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சின்னப் பையனாக இருந்தபோது பெற்றோர் அவருக்கு ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கிக் கொடுத்தார்கள். அதைத் தோட்டத்தில் பறவைகளுக்குத் தீனி வைக்கும் பலகைமேல் வைத்துவிட்டு, ஜன்னலுக்குப் பின்னால் நின்றான் அந்தப் பையன். மனிதன் பக்கத்தில் நின்றால் கேட்க முடியாத ஓசையை அவன் பெட்டி கேட்டது. பெரியவரான பிறகு கென்யாவில், செத்த வரிக்குதிரையின் விலா எலும்புக் கூட்டுக்குள் மைக்கை வைத்து, கழுகுகள் தின்னும் ஓசையைப் பதிவு செய்தார். தீனிப் பலகை, நீராவிச் சம்மட்டி, வரிக்குதிரை எல்லாம் ஒரே தொழில்தான். மனிதக் காது போகாத இடத்துக்கு, அல்லது போக மறுக்கும் இடத்துக்கு, அவர் காதைக் கொண்டுபோகிறார். உத்தியோகம் மாறியது, ஆள் மாறவில்லை.

இன்னொரு ஆட்சேபம்: "இயற்கையை வெட்டி ஒட்டலாமா? அது பொய் அல்லவா?" 2003-ல் வெளிவந்த 'வெதர் ரிப்போர்ட்' இசைத்தட்டில், மஸாய் மாராவின் பதினான்கு மணி நேரத்தை அவர் 18 நிமிஷத்தில் அடக்கினார். பொய் என்றால் நானும் பொய்யன்தான். ஒரு குடும்பத்தின் முப்பது வருஷத்தை முந்நூறு பக்கத்தில் அடைத்து உங்களிடம் கொடுக்கிறேன். நீங்களும் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்கள். எதை விடுவது, எதை வைப்பது என்பதில்தான் எழுத்தாளனின் யோக்கியதை இருக்கிறது. அதே தராசில் அவரையும் நிறுங்கள் என்கிறேன். வேறு சலுகை கேட்கவில்லை.

1948-ல் பாரிஸ் வானொலியில் பியேர் ஷெப்பர் ரயில் ஓசைகளைக் கொண்டு ஒரு சங்கீதம் அமைத்தார். 2011-ல் வாட்ஸன் 'எல் ட்ரென் ஃபான்டாஸ்மா' என்று ஒன்று வெளியிட்டார். பேய் ரயில் என்று அர்த்தம். மெக்ஸிகோவில் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்த அரசாங்க ரயிலில், படப்பிடிப்புக் குழுவோடு போய்ப் பதிவு செய்த ஓசைகள் அவை. பிற்பாடு ரயில்வே தனியார் கைக்குப் போயிற்று. அந்தப் பிரயாணம் நின்றுபோயிற்று. அந்த ரயிலில் இன்று யாரும் ஏற முடியாது. அதன் கட கட ஓசை மட்டும் இருக்கிறது. ஒருவர் அதை இரைச்சல் என்று ஒதுக்காமல் கேட்டதனால் இருக்கிறது.

நாம் 'பின்னணி' என்று தள்ளிவைத்திருக்கும் ஓசைகளுக்கெல்லாம் ஆயுள் இவ்வளவுதான். அவற்றைச் சங்கீதம் என்று ஒப்புக்கொள்ளும்படி நான் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. தீர்ப்புச் சொல்லுமுன் சாட்சியைக் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். நியாயஸ்தலத்தில் திருடனுக்குக்கூட அந்த மரியாதை உண்டு.