பகைவனுக்கும் முகம் உண்டு

போர்ப் படத்தில் பகைநாட்டு வீரனை மனிதனாகக் காட்டுவது தேசத் துரோகம் என்கின்றனர் சிலர். இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

2026 ஜனவரியில் வெளிவந்த ‘இக்கீஸ்’ என்னும் இந்திப் படத்தையே எடுத்துக்கொள்வோம். 1971 டிசம்பர் 16இல், பசந்தர் டாங்கிப் போரில் 21 வயதில் உயிர்நீத்து, பரம்வீர் சக்கரம் பெற்ற அருண் கேத்ரபாலின் வரலாறு அது. 2001இல் அவருடைய தந்தையார் பிரிகேடியர் எம்.எல். கேத்ரபால், தாம் பிறந்த சர்கோதாவைக் காணப் பாகிஸ்தான் சென்றார். அங்கு அவரை விருந்தினராக ஏற்று உபசரித்த பிரிகேடியர் குவாஜா முகம்மது நாசர், அம்மகன் தம் கையால் வீழ்ந்ததை ஒப்புக்கொண்டு, அவன் வீரத்தையும் போற்றினார். படம் இதைக் காட்டியது. ஆனால் இறுதியில், அந்த நற்பண்பு விதிவிலக்கே, அண்டை நாடு நம்பத்தக்கதன்று என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பும் சேர்ந்தது. மகனைப் பறிகொடுத்த தந்தைக்கே தேவைப்படாத எச்சரிக்கை, நாற்காலியில் சாய்ந்து படம் பார்ப்பவனுக்கு எதற்கு?

1999 கார்கில் போரில் வீழ்ந்தவர், கர்னல் ஷேர்கான் என்னும் பெயருடைய பாகிஸ்தான் கேப்டன். அவருடைய வீரத்துக்கு உரிய மதிப்பளிக்க வேண்டுமென எழுதியவர் இந்தியப் பிரிகேடியர் எம்.பி.எஸ். பாஜ்வா. பின்னர் பாகிஸ்தான் அவருக்கு நிஷானே ஹைதர் விருதளித்தது. களத்தில் நின்றவர் கண்ட முகத்தைக் கொட்டகையில் அமர்ந்தவர் காணலாகாதா?

இப்பண்பு தமிழுக்குப் புதிதன்று. நாம் வாழும் தருமபுரியே சங்ககாலத் தகடூர். தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தில் பாடிய அரிசில்கிழார்தாம், அங்கே பொருது வீழ்ந்த அதியமான் எழினிக்கு இரங்கிப் புறநானூற்றிலும் பாடினார். வென்றவன் புகழ் அதனால் ஒரு மாற்றும் குறையவில்லை.

நம்மவர்க்கும் ஒரு சொல். திரையில் பகைவன் என்றாலே தொப்பியும் தாடியுமாக வருவது கண்டு நாம் மனம் நோகிறோம்; அது நியாயமே. ஆனால் பத்ருப் போரில் சிறைப்பட்ட எதிரிகளுக்கு ரொட்டியைத் தந்துவிட்டுத் தாம் பேரீச்சம்பழம் உண்ட சஹாபாக்களின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொன்னோம்? வெற்றியை மட்டும் சொல்லி, எதிரியின் முகத்தை நாமும் அழித்தால், பிறரைக் குறைகூற நமக்கு என்ன தகுதி?

பகைவனை மனிதனாகக் காண்பது அவன் செய்த தீங்கை நியாயப்படுத்துவதாகாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்யலாகாது என்பதே திருமறையின் ஆணை. அந்த ஆணை பகைவனுக்கு நாம் காட்டும் சலுகையன்று. நம் உள்ளத்துக்கு அல்லாஹ் இட்ட காவல்.